ஈசிஜி பேப்பரின் அடியில் ஒரு பொடி எழுத்து வரி: 15 விநாடி பொறுமை பற்றி ஒரு இழை

உங்க வீட்டு பீரோவுல ஒரு பாலிதீன் கவருக்குள்ள, அப்பாவோடதோ மாமனாரோடதோ ஒரு பழைய ஈசிஜி இருக்கும். அதை எடுத்துட்டு வந்து உட்காருங்க. இழை கொஞ்சம் நீளம், டீயும் கையில இருக்கட்டும்.

மேலே இருக்கிற மேடு பள்ளத்தை இப்போ விட்டுடுங்க. பேப்பரோட அடி ஓரத்துல, ஆங்கிலத்துல, பொடி எழுத்துல ஒரு வரி ஓடும். விநாடிக்கு 25 மிமீ. ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மிமீ. அப்புறம் 0.05-லிருந்து 150 ஹெர்ட்ஸ், இல்லேன்னா 0.5-லிருந்து 40 ஹெர்ட்ஸ். முதல் ரெண்டையும் எல்லா டாக்டரும் பார்ப்போம். மூணாவதைப் பார்க்கிறவங்க குறைவு. நான் எழுதப்போறது அந்த மூணாவதைப் பற்றி.

(நெஞ்சுவலியோட யாராவது இதைப் படிச்சுக்கிட்டு இருந்தா, போனை வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ஃபில்டர் பார்க்கிறது எங்க வேலை, உங்க வேலை இல்ல.)

நான் புதுச்சேரி கிராமப்புறத்துல வேலை பார்க்கிற பொது மருத்துவன். வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஆட்கள்தான் என்கிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் பொறுத்துக்கணும், ஆம்ப்ளிஃபையர் பற்றி ஒரு டாக்டர் பேசப்போறான்.

ஈசிஜி மெஷினோட உயிரே ஒரு ஆம்ப்ளிஃபையர்தான். இதயத்துடிப்பு நெஞ்சுத் தோல் மேல உண்டாக்குற மின்னழுத்தம் சுமார் ஒரு மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்துல போடுற பென்சில் செல் 1.5 வோல்ட். அதுல 1500-ல் ஒரு பங்கு. இந்தப் பொடி சிக்னலைப் பெருசாக்கிக் காட்டணும். பெருசாக்குறது கஷ்டமில்ல. கூடவே வர்ற குப்பையைப் பெருசாக்காம இருக்கிறதுதான் கஷ்டம்.

குப்பை ரெண்டு வகை. ஒண்ணு வேகமா ஆடுற குப்பை: கரண்ட் லைனோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், நோயாளி நடுங்கும்போது வர்ற தசை அசைவு. இன்னொண்ணு மெதுவா நகர்ற குப்பை. தோலும் ஜெல்லியும் உலோகமும் சேர்ற இடமே ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அது இதய சிக்னலைவிடப் பல மடங்கு பெருசு. 300 மில்லிவோல்ட் வரைக்கும் வந்தாலும் மெஷின் தாங்கணும்னு சர்வதேசத் தரவிதிகளே சொல்லுது. யோசிச்சுப் பாருங்க, கேட்க வேண்டிய குரலைவிட 300 மடங்கு சத்தம்.

நல்லவேளை, அந்தப் பெரிய குப்பை பெரும்பாலும் அசையாம அப்படியே நிக்கும். அதனால ஆம்ப்ளிஃபையர்ல ஒரு தந்திரம் வச்சிருக்காங்க. மாறாம இருக்கிறதை மெல்ல மெல்ல மறந்துடு, மாறுறதை மட்டும் காட்டு. ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான் விஷயம்.

இந்த "மறதி" எப்படி இருக்கும்னு புரியணும்னா, வெந்நீர்ல கையை வைங்க. முதல்ல சுடும். கொஞ்ச நேரத்துல பழகிடும். இப்போ அதே கையை எடுத்துப் பச்சைத் தண்ணில வைங்க. ஜில்லுன்னு இருக்கும். தண்ணி உண்மையிலேயே ஜில்லுன்னு இல்ல. கை சூட்டை "சாதாரணம்"னு எடுத்துக்கிச்சு, அதனால சாதாரணம் இப்போ குளிரா தெரியுது.

இந்த ஜில்லை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி ஒரு மனுஷனோட மூளைக்குள்ள ரத்தம் கசியுமா கசியாதாங்கிற கேள்வி இதுமேலதான் நிக்கப்போகுது.

மெஷின் எவ்வளவு வேகமா மறக்குதுங்கிறதுதான் அந்த பொடி எழுத்தோட முதல் எண். 0.05 ஹெர்ட்ஸ்னா மெதுவா மறக்கும். அதோட நேர மாறிலி சுமார் 3.2 விநாடி. அதாவது திடீர்னு ஒரு தள்ளு விழுந்தா, 3.2 விநாடியில அதுல 37 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். 0.5 ஹெர்ட்ஸ்னா பத்து மடங்கு வேகம், 0.32 விநாடி.

இப்போ ஒரு நடைமுறைக் கணக்கு. கயிறு இழுபட்டு ஒரு எலெக்ட்ரோடு லேசா நகர்ந்துடுச்சு, 10 மில்லிவோல்ட் தள்ளு வந்துடுச்சுன்னு வைங்க. பேப்பர்ல அது 100 மிமீ. பேனா ஓரத்துல போய் இடிச்சுக்கிட்டு நிக்கும். அது திரும்ப நடுக்கோட்டுக்கு ஒரு மிமீ பக்கத்துல வந்து அடங்க எவ்வளவு நேரம் ஆகும்? 0.05-ல சுமார் 15 விநாடி. 0.5-ல ஒன்றரை விநாடி.

15 விநாடி ஒண்ணும் பெருசில்லையேன்னு தோணும். புறநோயாளி பிரிவுல காலை பதினொரு மணிக்கு வந்து நின்னு பாருங்க. வெளியே வரிசை, உள்ளே கட்டில்ல வியர்வையோட ஒருத்தர், வயல்லேர்ந்து நேரா வந்தவர். நெஞ்சு முடி மேல சக்‌ஷன் கப் நிக்காது. ஒண்ணு ஒட்டினா ஒண்ணு கழண்டு விழும். மூச்சு விட்டா கோடு ஏறும், இருமினா பறக்கும். 15 விநாடி பொறுத்து, பேப்பர் எடுக்கப் போகும்போது அவர் காலை ஆட்டுவார். மறுபடி 15 விநாடி.

"சார், கோடு ஆடிக்கிட்டே இருக்கு சார்."

"ஆடட்டும் சிஸ்டர். கொஞ்சம் பொறுத்து எடுங்க."

"ஆடுற ஈசிஜி அனுப்பினா பெரிய ஆஸ்பத்திரில திட்றாங்க சார்."

அந்த சிஸ்டர் சொன்னது நிஜம். மெஷின்ல ஒரு பட்டன் இருக்கு, அழுத்தினா கோடு உடனே அடங்கி, நூல் பிடிச்ச மாதிரி நேரா வரும். யாரும் திட்ட மாட்டாங்க. அந்த பட்டன் செய்யறது வேற ஒண்ணுமில்ல, 0.05-ஐ 0.5 ஆக்குது. இன்னொரு பட்டன் 150-ஐ 40 ஆக்குது. ஒரு தடவை அழுத்தினா பல மெஷின்ல அது அப்படியே நிலைச்சுடும். பல மாசத்துக்கு.

இதுல என்ன கெட்டுப்போச்சு? இங்கதான் அந்த ஜில்.

ஈசிஜில பெரிய மேடு (அல்லது பள்ளம்) க்யூஆர்எஸ். இதயத்தோட கீழறைகள் மின்தூண்டல் பெறுற நேரம். அது முடிஞ்ச உடனே வர்ற சமதளம் எஸ்டி பகுதி. மாரடைப்புல இதயத் தசைக்கு ரத்தம் முழுசா அடைபட்டா இந்தச் சமதளம் மேலே தூக்கும். எவ்வளவு தூக்கினா மாரடைப்புன்னு சொல்லலாம்? பல லீடுகள்ல 1 மிமீ. வி2, வி3-ல 40 வயசு தாண்டிய ஆணுக்கு 2 மிமீ, பெண்ணுக்கு 1.5 மிமீ. அடுத்தடுத்த ரெண்டு லீடுல இருக்கணும். நம்ம முடிவெல்லாம் ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர்ல நடக்குது, பார்த்தீங்களா?

இப்போ வி2-ல ஆழமான எஸ் பள்ளம் இருக்கிற ஒருத்தரை எடுத்துக்கோங்க. 20 மிமீ ஆழம், முக்கோணம் மாதிரி, 0.08 விநாடி அகலம். வேகமா மறக்கிற மெஷின் அந்தப் பள்ளத்துக்குள்ள இருக்கும்போதே கொஞ்சம் பழகிடும். பள்ளம் முடிஞ்சு சமதளத்துக்கு வரும்போது, சமதளமே மேடாத் தெரியும். வெந்நீர்க் கைக்குப் பச்சைத் தண்ணி ஜில்லுன்னு தெரிஞ்ச அதே கதை. எவ்வளவு மேடு? முக்கோணத்தோட பரப்பை நேர மாறிலியால வகுத்தா போதும். 0.5 ஹெர்ட்ஸ்ல தோராயமா 2.5 மிமீ. 0.05-ல கால் மிமீ, கண்ணுக்கே தெரியாது.

அதாவது, இதயத்துல எதுவுமே நடக்காம, ஒரு பட்டன் மட்டும் 2.5 மிமீ எஸ்டி ஏற்றத்தை உண்டாக்கலாம்.

இது பேப்பர் கணக்கு மட்டும்னு நினைக்காதீங்க. சில வருஷத்துக்கு முன்னாடி, சம்பா அறுப்பு சமயம். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) பாகூர் ஏரிப் பாசனத்துல நெல் போடுறவர், ஐம்பத்து சொச்சம் வயசு. ரொம்ப வருஷமா பிபி, மாத்திரை மனசு வந்தா போடுவார். காலையில கட்டு தூக்கும்போது நெஞ்சு பாரம். வழியில ஒரு இடத்துல ஈசிஜி எடுத்திருக்காங்க. பேப்பரைக் கையில பிடிச்சுக்கிட்டு மகன் முன்னாடி ஓடிவந்தான்.

"சார், அப்பாவுக்கு அட்டாக்குன்னு சொல்லிட்டாங்க. ரத்தக்கட்டி கரையுற ஊசி உடனே போடணும்னாங்க சார்."

பேப்பர்ல வி2, வி3 ரெண்டுலயும் எஸ்டி மூன்றரை மிமீ. பார்த்தா யாருக்கும் திக்குன்னுதான் இருக்கும். ஆனா எஸ் பள்ளம் 24 மிமீ ஆழம், பல வருஷ பிபியால தடிச்ச இதயம். கோடு அழகா, நேரா, ஒரு நடுக்கம் இல்லாம. அதுதான் எனக்கு உறுத்துச்சு. வயல்லேர்ந்து மூச்சு வாங்கிக்கிட்டு வந்த மனுஷனோட ஈசிஜி இவ்வளவு சுத்தமா இருக்காது. அடி ஓரத்தைப் பார்த்தேன். 0.5-லிருந்து 40.

அந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனக்டெப்ளேஸ் வகை மருந்துகள். நிஜமான மாரடைப்புல உயிர் காக்கும், சீக்கிரம் போடப் போட நல்லது. அதோட விலை: நூறு பேருக்குப் போட்டா ஏறத்தாழ ஒருத்தருக்கு, அல்லது அதைவிடச் சற்றே குறைவா, மூளைக்குள்ள ரத்தக்கசிவு. மாரடைப்பு இருந்தா அந்த விலையைக் கொடுக்கலாம். இல்லாதவருக்கு எதுக்கு?

நெஞ்சைத் துணியால துடைச்சு, ஜெல்லி புதுசா வச்சு, ஃபேனை நிறுத்தி, ரெண்டு ஃபில்டரையும் எடுத்துட்டு, கோடு அடங்கக் காத்திருந்தோம். "ஐயா, மூணு மூச்சு அசையாம படுத்திருங்க." மொத்தம் மூணு நிமிஷம் ஆகியிருக்கும். எஸ்டி ஒரு மிமீ-க்குச் சற்றே மேல. தடிச்ச இதயத்துல அந்த அளவு சாதாரணமாவே இருக்கும். மகன் கொண்டுவந்த மஞ்சப்பைக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஈசிஜி ஒண்ணும் இருந்தது. அதுலயும் அதே ஒரு மிமீ.

ஊசி போடல. ஆனா வீட்டுக்கும் அனுப்பல. பிபி இருக்கிறவர் நெஞ்சு பாரம்னு சொன்னா அது லேசு இல்ல. ஆஸ்பிரின் கொடுத்து, கால் மணிக்கு ஒருதரம் ஈசிஜியை மறுபடி எடுத்து, ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரெண்டு தடவை ட்ரோபோனின் நார்மல், எக்கோவுல இதயச் சுவர் ஒழுங்கா அசையுது. நாலாம் நாள் பிபி மாத்திரை சீட்டோட திரும்பி வந்தார்.

இதைப் படிச்சுட்டு "ஈசிஜி பொய் சொல்லும், ஊசி வேண்டாம்"னு யாராவது கிளம்பிடாதீங்க. தலைகீழான கதைதான் எனக்கு அதிக பயம். மேல்நோக்கி உயரமான ஆர் மேடு இருக்கிற லீடுல இதே ஃபில்டர் எஸ்டியைக் கீழே அமுக்கும். ஆர் 10 மிமீ, அதே அகலம்னா சுமார் 1.2 மிமீ கீழே போகும். அந்த லீடுல உண்மையான மாரடைப்பால 1 மிமீ தூக்கியிருந்தா? நேர்கோடு. "ஈசிஜி நார்மல்மா, கேஸ் தொந்தரவு" அப்படின்னு ஒரு ஜெலுசில் சீட்டோட அனுப்பிடலாம். பொய் மாரடைப்பு கத்தும், யாராவது திரும்பிப் பார்ப்பாங்க. மறைஞ்சுபோன மாரடைப்பு கத்தாது.

மேல் எண் விஷயத்தைச் சுருக்கமா முடிச்சுடறேன். பெரியவங்களுக்கு 150 ஹெர்ட்ஸ், குழந்தைங்களுக்கு 250 வரைக்கும் வேணும்னு 2007-ல அமெரிக்க இதய அமைப்புகள் சேர்ந்து சொன்னாங்க. 40-க்கு இறக்கினா கூர்மை மழுங்கும். ஆர் உயரம் குறையும், சின்ன க்யூ, வெட்டுக் குறிகள் காணாமப் போகும். அதுவும் தப்புதான், ஆனா கீழ் எண் அளவுக்கு ஆளைக் கவிழ்க்காது.

இது புதுப் பிரச்சனையும் இல்ல. ஈசிஜியோட பிறப்பே இதுலதான் இருக்கு. 1887-ல லண்டன்ல அகஸ்டஸ் வாலர் மனித இதய மின்னோட்டத்தை முதல்முதலா பதிவு பண்ணினார். பாதரசம் ஏறி இறங்குற லிப்மன் குழாய்க் கருவி. (தன் நாய் ஜிம்மியோட கால்களை உப்புத் தண்ணிப் பாத்திரத்துல வச்சும் செஞ்சு காட்டுவார். அது கொடுமைன்னு பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல கேள்வியே வந்துச்சு.) பாதரசம் மந்தம். இதயம் ஒரு துள்ளல் துள்ளும்போது அது பாதிதான் நகர்ந்திருக்கும். நெதர்லாந்து லைடன்ல இருந்த ஐந்தோவன் அந்த மந்தத்தைக் கணக்குப் போட்டு, 1895-ல, கருவி சரியா இருந்திருந்தா கோடு எப்படி வந்திருக்கும்னு வரைஞ்சார். மந்தக் கோட்டோட அலைகளுக்கு ஏ, பி, சி, டி-ன்னு பேர் இருந்தது. திருத்தின கோட்டுக்கு வேற எழுத்து வேணும்னு பி, க்யூ, ஆர், எஸ், டி-ன்னு வச்சார்.

இன்னைக்கு மெடிக்கல் ஸ்டூடண்ட் முதல் வருஷம் மனப்பாடம் பண்ற அந்த எழுத்துக்கள், ஒரு கருவியோட மந்தத்தைத் திருத்தினதால வந்தது. அப்புறம் அவரே வேகமான கம்பி கால்வனோமீட்டரை உருவாக்கினார், 1924-ல நோபல். எனக்கு என்னவோ நோபலைவிட அந்த 1895 கணக்குதான் பெருசாத் தெரியுது.

சரி, கம்ப்யூட்டர் காலத்துல இன்னும் ஏன் இந்தத் தொல்லை? நியாயமான கேள்வி. 1975-ல அமெரிக்க இதய சங்கம் நோய் கண்டறியும் ஈசிஜிக்கு 0.05 ஹெர்ட்ஸ்னு பரிந்துரை வச்சிருந்தது. டிஜிட்டல் வந்தபிறகு 1990-ல, சரியான வகை ஃபில்டரா இருந்தா 0.67 வரைக்கும் போகலாம்னு தளர்த்தினாங்க. காரணம் அழகானது. கெபாசிட்டருக்குக் கடந்த காலம் மட்டும்தான் தெரியும், அதனால க்யூஆர்எஸ்-க்குப் பிந்தின பக்கம் மட்டும் கோணும். கம்ப்யூட்டர் 10 விநாடியை முழுசா சேமிச்சு வச்சுக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் பார்த்து வடிகட்ட முடியும், எஸ்டி கோணாது.

ஆனா அப்படிச் செய்ய முழுப் பதிவும் கையில இருக்கணும். ஐசியூ மானிட்டர் திரையில ஓடிக்கிட்டே இருக்கிற கோட்டுக்கு எதிர்காலம் தெரியாது. பழைய மெஷினுக்கும் தெரியாது. அதனால மானிட்டர் திரையைப் பார்த்து எஸ்டி மில்லிமீட்டர் அளக்கக் கூடாது, துடிப்போட தாளத்தைப் பார்க்கலாம். கைக்கடிகார ஈசிஜியும் தாளத்துக்குத்தான். அது ஒரே லீடு, மாரடைப்பைக் கண்டுபிடிக்காதுன்னு கம்பெனியே சொல்லுது.

இளம் டாக்டர்கள், சிஸ்டர்கள், டெக்னீஷியன்கள் இதை வாசிச்சா உங்களுக்கு மட்டும் ஒரு விளையாட்டு. சூடான பேனா ஓடுற பழைய மெஷின் இருக்கா? 1 மில்லிவோல்ட் பட்டனை அழுத்தி விடாம பிடிங்க. கோடு 10 மிமீ குதிச்சு, மெல்ல இறங்கும். 3.7 மிமீ உயரத்துக்கு வர எவ்வளவு பேப்பர் ஓடுதுன்னு அளங்க. 80 மிமீ ஓடினா உங்க மெஷின் 3.2 விநாடி மெஷின். 8 மிமீ-லயே இறங்கிடுச்சுன்னா ஃபில்டர் போட்டிருக்கு.

அதே பட்டனைத் தட்டி உடனே விட்டா வர்ற சின்னக் கட்டத்தோட மூலையையும் பாருங்க. மூலை கூர்மையா இருந்தா நல்லது. முனையில கொம்பு முளைச்சிருந்தா பேனா தாண்டிக் குதிக்குது, சந்தைத் தராசு முள் ஆடி ஆடி நிக்கிற மாதிரி. மூலை உருண்டிருந்தா பேனா பேப்பரை ரொம்ப அழுத்துது, துள்ள வேண்டியதைத் துள்ளவிடல. ரெண்டுமே ஆர், எஸ் உயரத்தை மாத்தும். எச்சரிக்கை: டிஜிட்டல் மெஷின்ல அந்தக் கட்டத்தை சாஃப்ட்வேரே வரையும். அதை நம்பாதீங்க, அடி எழுத்தைப் படிங்க.

கோடு ஆடுறதுக்கு மருந்து ஃபில்டர் இல்ல. தோலைத் துடைங்க, தேவைப்பட்டா முடியை எடுங்க. காய்ஞ்ச ஜெல்லியைத் தண்ணி விட்டுக் குழைக்காதீங்க. கை இரும்புக் கட்டில்ல படாம ஒரு துண்டு போடுங்க. செல்போன் சார்ஜரைப் பிடுங்குங்க, மெஷினை பேட்டரில ஓட்டுங்க. ரீசெட் பட்டன் இருந்தா அதை அழுத்துங்க, அது கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்துட்டு விலகிக்கும், எஸ்டியைத் தொடாது. இதெல்லாம் செஞ்சும் நடுங்குதுன்னா ஃபில்டர் போட்டு ஒண்ணு, போடாம ஒண்ணு, ரெண்டு பேப்பர் எடுத்து அனுப்புங்க. லேசா ஆடுற ஈசிஜியைப் பார்த்துத் திட்டுற சீனியர்களே, உங்களுக்கும்தான் சொல்றேன். உங்க திட்டுக்குப் பயந்துதான் அந்தப் பட்டன் அழுத்தப்படுது.

பொதுமக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அப்பாவோட ஈசிஜியை வாட்ஸ்அப்ல டாக்டருக்கு அனுப்பும்போது, கோடு பெருசாத் தெரியணும்னு ஓரத்தை வெட்டிட்டு அனுப்புறீங்க. வெட்டாதீங்க. வெளிச்சத்துல வச்சு, நாலு மூலையும் தெரிய, அந்தப் பொடி எழுத்து படிக்கிற மாதிரி எடுத்து அனுப்புங்க. மஞ்சப்பைக்குள்ள இருக்கிற பழைய ஈசிஜியையும் சேர்த்து.